முகப்பில் அழித்த பெயர்

தேவஇரக்கம் ஒரு வண்டியைப் பார்த்து முடிப்பதற்குள் விற்க வந்தவன் செத்துப் பிழைத்துவிடுவான். ஒரு கிலோ கத்தரிக்காய்க்கே காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து, கடைக்காரரைத் தராசை இடம் மாற்றி வைக்கச் சொல்கிற மனிதர். வண்டி என்றால் கேட்கவா வேண்டும்.

இத்தனைக்கும் அவசரம் அவருக்குத்தான். வன்னியம்பட்டியைச் சுற்றி மாடு வைத்திருக்கிறவர்களின் பாலைக் காலையில் கேன் கேனாக ஏற்றிக்கொண்டுபோய், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற அடுப்படிகளில் இறக்குவது அவர் பிழைப்பு. மத்தியானத்துக்கு மேல் தேங்காய், கொய்யா, சிமெண்டு மூட்டை, எது கிடைத்தாலும் ஏற்றுவார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மினி லாரிதான். ஆனி மாதம் பிறந்த கையோடு அது பால் கேன்களுடன் நடுரோட்டில் முதுகு ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. சேஸ் என்கிற அடிச்சட்டம் இரண்டாக விட்டிருந்தது.

ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருக்கிற விஜயபாண்டி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகில் ஒட்டிய மண்ணோடு எழுந்து வந்தான்.

"அண்ணாச்சி, வெல்டு வச்ச எடத்துலயே திரும்பத் திரும்ப வெல்டு வச்சு இப்ப சேஸ விட வெல்டுதான் சாஸ்தியா இருக்கு. இனி எஃப்.சி.க்குக் கொண்டுபோனா வண்டியோட சேத்து நம்மளையும் ஒடைக்கப் போட்டுருவான்."

"இன்னும் ஒரே ஒரு பட்டி வச்சுப் பாரேன்டா."

"பட்டி வைக்க எடம் இல்ல அண்ணாச்சி. பழைய இரும்புக்குக் குடுத்துருங்க. நல்லா ஒழச்சிருச்சு."

பழைய இரும்புக் கடைக்காரனிடம் இவனுக்கு ஏதாவது தரகு இருக்குமோ என்று தேவஇரக்கத்துக்கு உடனே தோன்றியது. தானே அடியில் படுத்துப் பார்த்தார். விஜயபாண்டி சொன்னது குறைச்சல்தான். உள்ளதை முழுதாகச் சொன்னால் மனிதர் தாங்கமாட்டார் என்று அவன் பாதியோடு நிறுத்தியிருந்தான்.

"புதுசா ஒண்ணு எடுத்துருங்களேன்."

"புதுசு எனக்கு ஆகாதுப்பா. அதுல தொட்டதுக்கெல்லாம் சென்சாரு. வத்திராயிருப்புக்காரன் ஒருத்தன் எடுத்தான். பாலு ஏத்திட்டுப் போகையில டேஷ்போர்டுல ஒரு வெளக்கு எரிஞ்சிச்சாம், வண்டி நின்னுருச்சு. மதுரையில இருந்து லேப்டாப்போட ஆளு வரணும்னுட்டான். அந்த ஆளு வார வரைக்கும் பாலு பொறுத்துக்கிட்டு இருக்குமா? அம்புட்டும் திரிஞ்சு போச்சு. டீசலு பத்தாதுன்னு யூரியாத் தண்ணி வேற ஊத்தணுமாம். வண்டிக்கு எதுக்குலே யூரியா? அதென்ன நெல்லு வயலா?"

"அப்பம் என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"பம்பும் நாசிலும் இருந்தாப் போதும். ரோட்டோரத்துல நின்னா நாலு ஸ்பேனர வச்சு நானே கழட்டி மாட்டணும். குடிக்கிற டீசலுக்கு ஓடணும். எனக்குப் பொறவும் ஓடணும்."

"அந்த மாதிரி வண்டி வச்சிருக்கவன் விக்க மாட்டானே அண்ணாச்சி."

"அதத்தான் நானும் சொல்லுதேன். வித்தான்னா அதுல ஏதோ இருக்கு."

இதுதான் தேவஇரக்கம். நல்ல வண்டி என்றால் ஏன் விற்கிறான். விற்கிறான் என்றால் எப்படி நல்ல வண்டியாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு மாதமாக அலைந்தார். ராஜபாளையத்தில் பழைய வண்டி விற்கிற கன்சல்டிங்கில் ஒரு வண்டி பளபளவென்று நின்றது. மிதியடியைத் தூக்கி மோந்து பார்த்தார். ஆற்றுச் சேற்று வாடை. எந்த ஊர் வெள்ளத்தில் மிதந்து வந்ததோ. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் அடித்த வண்டி ஒன்றில் பாரம் தாங்குகிற கமான்பட்டை எல்லாம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் எஞ்சின் ஒரு வண்டியுடையது, ஆர்சி புக் வேறொரு வண்டியுடையது. சந்தேகப்பட்டதெல்லாம் சரியாகவே இருந்ததால் அவருக்குச் சந்தேகத்தின் மேல் பக்தியே வந்துவிட்டது.

அதுவரைக்கும் பாலை வேல்பாண்டியின் வாடகை வண்டியில் ஏற்றினார். உள்ளூர்ப் பையன்தான், நாற்பது வயதுக்குள் இருக்கும், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். இவன் எதற்கு எந்நேரமும் சிரிக்கிறான் என்று தேவஇரக்கத்துக்குப் பிடிபடவில்லை. ஒரு நாளும் பாலை அவனோடு தனியாக அனுப்பியதில்லை. கேன்களோடு கேனாகப் பின்னால் ஏறி, ஈரச் சாக்கு ஒழுகி வேட்டி நனைய உட்கார்ந்து, வில்லிபுத்தூர் வரை காவல் போனார். அடுப்படியில் விறகுப் புகைக்கும் பால் சுண்டுகிற வாசனைக்கும் நடுவில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆடிப்பூரம் வருது. கூட்டம் அலமோதும். தேரு ஓடுததுக்கு முன்னால சொந்த வண்டியோட வந்து நில்லும். இல்லன்னா வேல்பாண்டியே ஓட்டட்டும். எனக்குப் பாலு வந்தாச் சரி."

வேல்பாண்டி அதற்கும் சிரித்தான். தேவஇரக்கத்துக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

---

தேவதானத்தில் பால்ச்சாமி என்பவரிடம் ஒரு வண்டி இருப்பதாக விஜயபாண்டிதான் சொன்னான். மாந்தோப்புகளுக்கு ஓட்டியவர், முட்டி வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் விற்கிறாராம். தேவஇரக்கம் சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். சொல்லிவிட்டுப் போனால் எஞ்சினைச் சூடு பண்ணி வைத்துவிடுவார்கள். சூடான எஞ்சின் எல்லாமே நல்ல எஞ்சின்தான்.

மலை தெரியவில்லை. மேகம் தோப்புகளின் தலை வரைக்கும் இறங்கியிருந்தது. முகத்தில் சாரல் தூவியது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமரத்தடியில் நீல வண்டி நின்றிருந்தது. முதல் வேலையாக எஞ்சின் மூடியில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. பிறகுதான் மனிதரைக் கூப்பிட்டார்.

பால்ச்சாமி வாய் கொப்பளித்துவிட்டுத் துண்டால் துடைத்தபடி வந்தார். தேவஇரக்கத்தின் வயதுதான். அளந்து பேசினார்.

"யாரு, எங்கருந்து வாரிய?"

"வன்னியம்பட்டி. வண்டி இருக்குன்னு விஜயபாண்டி சொன்னான்."

"நம்ம பேரு?"

"தேவஇரக்கம்."

பால்ச்சாமி துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "வேதக்காரவியளா?"

"ஆமா, கிறிஸ்தவங்கதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. தேவஇரக்கம் இதைக் குறித்துக்கொண்டார்.

வண்டி முதல் சாவிக்கே எடுத்தது. புகை வெள்ளையாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஆவி அடிக்கவில்லை. ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கவில்லை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கடப்பாறையால் நெம்பிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. மிதியடியை மோந்து பார்த்தார். மாம்பழ வாசம்தான் வந்தது. கூடவே கொண்டுவந்திருந்த ஒரு லிட்டர் பாட்டிலில் டீசல் ஊற்றி, டேங்கைக் கழற்றிவிட்டு, டியூபை நேரே பம்புக்குக் கொடுத்து ஓட்டினார். அவர் கணக்குப்படி சேத்தூருக்குள் நின்றிருக்க வேண்டும். வண்டி சேத்தூரைத் தாண்டிக் கண்மாய்க் கரையெல்லாம் கடந்து, அவருக்கே பயம் வரும் வரைக்கும் ஓடிவிட்டுத்தான் நின்றது. கூட வந்த பால்ச்சாமி கேனில் இருந்து டீசல் ஊற்றினார்.

இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஒருத்தன் எதற்கு விற்கிறான்? முட்டி வலியாம். முட்டி வலிக்கு ஆள் போட்டு ஓட்டக்கூடாதா?

வீட்டுக்குத் திரும்பியதும், கடைசியாகச் சேஸ் நம்பர். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொடுப்பது மாதிரி, வெட்டியிருந்த எண்களின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஆர்சி புக்கோடு ஒத்துப்போயிற்று. நிமிர்ந்தபோது மேகம் விலகி இளவெயில் வண்டியின் முகத்தில் சாய்வாக விழுந்தது. கண்ணாடிக்கு மேலே, நெற்றியில், நீலத்துக்குள் நீலமாக எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன.

பம்பரில் ஏறி நின்று, அதே காகிதத்தின் மறுபக்கத்தை அங்கே வைத்துப் பென்சிலைத் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக ஒரு பெயர் எழுந்து வந்தது. சத்யப்பிரியா.

இந்தப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவன் சாமி பெயர் எழுதுகிறானோ இல்லையோ, பிள்ளை பெயரை எழுதிவிடுவான். தேவஇரக்கத்தின் பழைய வண்டியில்கூடப் பெனின் என்று மகன் பெயர்தான் இருந்தது. விற்கும்போது அந்தப் பெயரோடுதான் வண்டி கைமாறும். வாங்குகிறவன்தான் பெயின்டரைக் கூப்பிட்டு அழித்துத் தன் பிள்ளை பெயரை எழுதுவான். விற்கிறவன் அழிக்கவே மாட்டான்; தன் கையால் பிள்ளை பெயரை அழிக்க யாருக்கு மனசு வரும்? இங்கே அழித்திருந்தது. அதுவும் இன்று நேற்று அழித்ததில்லை. பூசிய பெயின்ட் வெயிலில் வெளிறியிருந்தது. பெயின்டர் பூசியதாகவும் தெரியவில்லை. யாரோ ஆத்திரத்தில் அப்பியது போல் தூரிகைத் தடம் தாறுமாறாக ஓடியது.

"அண்ணாச்சி, இது யாரு பேரு?"

"எது?"

"இந்தா. சத்யப்பிரியான்னு இருக்கே."

பால்ச்சாமியின் மனைவி அய்யம்மாள் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்துகொண்டிருந்தாள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நின்றுவிட்டாள். டம்ளர்களைச் சுவரோரம் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அது பழைய பேரு" என்றார் பால்ச்சாமி.

"ஒங்க மகளா?"

"எங்களுக்குப் பிள்ள இல்ல. வண்டியப் பாத்தாச்சுல்லா, வெலையச் சொல்லுங்க."

தேவஇரக்கம் காப்பி எடுக்கிற சாக்கில் வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். மாலை போட்ட படம் ஏதாவது தொங்குகிறதா என்று. படம் இல்லை. படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாகப் பழைய நிறத்தில் இருந்தது.

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

---

வேதமணி கருவாட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டுக்கொண்டே கேட்டாள். கணவர் வண்டி பார்த்துவிட்டு வந்து சொல்கிற கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே எஞ்சின் பாதி அத்துப்படி ஆகியிருந்தது.

"எல்லாம் நல்லா இருக்குன்னுதான சொல்லுதிய. பொறவு என்ன?"

"அதான் எனக்கு ஒதைக்குது. பிள்ள இல்லன்னுட்டான். பேரு இருக்கு."

"பொறக்காமயே இருந்திருக்கும்."

"பொறக்காத பிள்ளைக்கு எவன்டி வண்டியில பேரெழுதுவான்? பிள்ள செத்திருக்கு. அந்த வண்டியிலயே அடிபட்டுச் செத்திருக்கு. அதான் பேர அழிச்சு, படத்தக் கழட்டி, இப்பம் வண்டியையும் தள்ளிவிடப் பாக்கான். நான் வேதக்காரன்னு தெரிஞ்சதும் மூஞ்சியே சரியில்ல. நாம செபம் பண்ணுதப்பம் தெரிஞ்சு போகும்னு நெனச்சிருப்பான்."

வேதமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "செத்த பிள்ள பேர எந்தத் தகப்பனும் அழிக்க மாட்டான். முன்ன இருந்தத விடப் பெருசா எழுதுவான். இது வேற என்னமோ. அவிய வீட்டு வெவகாரம். நமக்கு வண்டிதான வேணும்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். நீங்க வெளிய எங்கயும் இதப் பேசிக்கிட்டுத் திரியாதிய. ஒங்க வாய் கொஞ்சங்கூடச் சும்மா இருக்காது."

அவர் சாப்பிட உட்கார்ந்தார். கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது அங்கே ஸ்டூலில் வேல்பாண்டி உட்கார்ந்திருந்தான். டீ குடித்துக்கொண்டு, சிரித்த முகமாக.

"வாங்க அண்ணாச்சி. தேவதானத்துல ஒரு வண்டி நிக்காமே? வாடகைக்கு ஓட்டி ஓட்டி அலுத்துப் போச்சு. நானும் சொந்தமா ஒண்ணு போட்டுரலாம்னு பாக்கேன். சாயங்காலம் போயிப் பாக்கணும்."

தேவஇரக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வண்டியும் போய், பாலும் போய், இவன் அந்த வண்டியிலேயே ஆடிப்பூரத்துக்கு அடுப்படி வாசலில் போய் நிற்பான். சந்தேகமெல்லாம் ஒரு நொடியில் எங்கோ போய்விட்டது. அந்த வண்டி தனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"வண்டி நல்ல வண்டிதான்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "ஆனா நாலும் யோசிச்சுப் போ. பெத்த பிள்ளையையே காவு வாங்குன வண்டி."

விஜயபாண்டி ஸ்பேனரோடு திரும்பினான். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"பால்ச்சாமி மக. சத்யப்பிரியா. வண்டியப் பின்னால எடுக்கையில சக்கரத்துல மாட்டி, அந்த எடத்துலயே போயிருச்சு. பாவம், நல்ல பிள்ள."

பின்சக்கரக் கதை அவர் சந்தேகத்தில்கூட அதுவரை இருந்ததில்லை. அது தானாகவே நாக்குக்கு வந்தது. சொல்லி முடித்ததும் அவருக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

வேல்பாண்டி சிரிப்பை நிறுத்தியதைத் தேவஇரக்கம் அன்றுதான் பார்த்தார். "சத்யாவா? தேவதானத்துலதான எங்க அக்காவக் குடுத்திருக்கு. அதே தெரு. எனக்கு ஒரு சொல்லு சொல்லலியே" என்று எழுந்து வெளியே போனான். டீ பாதி அப்படியே இருந்தது.

"நீ பால்ச்சாமிக்குப் போனப் போட்டு நான் எடுத்துக்கிடுதேன்னு சொல்லு" என்றார் தேவஇரக்கம்.

"காவு வாங்குன வண்டியவா?"

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க இல்ல."

விஜயபாண்டி அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான். பால்ச்சாமி ஒத்துக்கொண்டார். நாளைக் காலையில் முன்பணத்தோடு வரச் சொன்னார்.

---

வேதமணியையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் செபம் பண்ணுகிறவள் அவள்தான். முன்பணம் இருந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். அன்று சாரல் இல்லை. மலை கையெட்டும் தூரத்தில் பச்சையாக நின்றது. தேவஇரக்கம் வழியெல்லாம் உற்சாகமாக, நெற்றியில் பெனின் பெயரோடு பேரப்பிள்ளை பெயரையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

தெருவுக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை. பெண்கள் அங்கங்கே கூட்டமாக நின்று மெதுவாகப் பேசினார்கள். பால்ச்சாமியின் வீடு பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. அடுப்பில் பாதி வெந்த சோறு. மாமரத்தடியில் வண்டி இல்லை.

"பாத்தியா" என்று மனைவியின் காதருகில் பல்லைக் கடித்தார். "வேல்பாண்டிக்கு முடிச்சுவிட்டுட்டான். நான் அப்பமே சொன்னேன்லா."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வேலுத்தாய் என்று பெயர்.

"வண்டி பாக்க வந்தவியளா? இன்னைக்கு ஆகாதும்மா. இந்த வீட்டுல எழவு விழுந்து போச்சு."

"யாருக்கு?" என்றாள் வேதமணி.

"இவிய மக சத்யாவுக்கு. எப்பிடிப்பட்ட பிள்ள தெரியுமா? ஒத்தப் பிள்ள. மூணு வருசத்துக்கு முன்ன மெல்வின்னு ஒரு வேதக்காரப் பையனக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு பேரும் சத்திரப்பட்டியில பேண்டேஜுத் துணி நெய்யுத தறியில நிக்காக. அது போன அன்னைக்கே பால்ச்சாமி அண்ணன் வண்டியில இருந்த பேர அழிச்சாரு, படத்தக் கழட்டுனாரு. இந்த வீட்டுல அது பேரச் சொல்லப்படாது. எங்களுக்குப் பிள்ள இல்லன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நேத்து ராத்திரி எந்தம்பி போன் போட்டு, சத்யா ஏதோ வண்டியில அடிபட்டுச் செத்துப் போச்சாமே, எனக்கு ஒரு சொல்லு சொல்லலியேங்கான். எனக்கு ஒறக்கமே இல்ல. விடிஞ்சதும் போயி அய்யம்மா, மோசம் போயிட்டியேன்னு அவ காலடியில விழுந்தேன்."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா?"

"இந்த வீட்டுல யாருகிட்டம்மா அந்தப் பிள்ள நம்பரு இருக்கு? அண்ணன் சொவருல சாஞ்சு நின்னாரு. பொறவு செருப்புகூடப் போடாமப் போயி வண்டிய எடுத்தாரு. அய்யம்மா அலறிக்கிட்டே ஏறுனா. கிளட்ச மிதிக்க முடியாதுன்னவரு, பறந்து போறாரு."

"ஒங்க தம்பி யாரு?"

"வேல்பாண்டின்னு. வன்னியம்பட்டியில பாலு வண்டி ஓட்டுதான்."

"அவனுக்கு யாரு சொன்னாகளாம்?"

"யாரோ ராசபாளையத்துப் பட்டறையில சொன்னாகளாம்."

வேதமணி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் மாமரத்தடியில் வண்டி நின்ற இடத்தை, எண்ணெய் சொட்டிக் கறுத்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம போவோம். இன்னொரு நாளைக்கு வருவோம்" என்றார்.

"எங்க போறிய? இருங்க. அவிய வரட்டும்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பக்கம் பாய்ந்த சந்தேகமெல்லாம் இப்போது அவர் பக்கம் திரும்பியது. போகிற வேகத்தில் வண்டி எங்காவது கவிழ்ந்தால்? செருப்பில்லாத கால் பிரேக்கில் வழுக்கினால்? ஒருவேளை அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? தான் வாயால் சொன்னதற்காகவே ஆகிவிட்டால்? இவ்வளவு கேவலமாகத் தன்னை அவர் ஒருநாளும் உணர்ந்ததில்லை. ஆண்டவரே, அந்தப் பிள்ளை இருக்கட்டும், வண்டி வேண்டாம், எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று உதட்டுக்குள் சொன்னார். பாட்டில் டீசலை அளந்தவர், செபத்தை அளக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

வெயில் ஏறி மாமர நிழல் சுருங்கியபோது தெருமுனையில் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தத்தை வைத்தே அதுதான் என்று தெரிந்துகொண்டு எழுந்து நின்றார்.

வண்டியைப் பால்ச்சாமிதான் ஓட்டிவந்தார். ஜன்னலோரம் அய்யம்மாள். இருவருக்கும் நடுவில், தலையெல்லாம் தறிப் பஞ்சு ஒட்டியபடி, ஒரு பெண் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பையன், இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். தெருவே ஓடிவந்தது. வேலுத்தாய் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பால்ச்சாமி இறங்கி, சுடுமண்ணில் வெறுங்காலோடு நேரே தேவஇரக்கத்திடம் வந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. வண்டி குடுக்கதுக்கில்ல. தறி வாசல்ல போயி நின்னு யாருகிட்டக் கேக்கன்னு தெரியாம நிக்கேன். இவ உள்ள இருந்து வந்து, அப்பாங்கா. மருமகனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம். இனி இது அவியளுக்குத்தான். பேர மறுபடி எழுதணும். ஒங்களுக்கு வாக்குக் குடுத்தேன், தப்புதான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார் தேவஇரக்கம். ஆடிப்பூரத் தேரும், அடுப்படியும், வேல்பாண்டியின் சிரிப்பும் ஒரு கணம் கண்முன்னால் வந்து போயின. பால்ச்சாமியின் கைகளை அவரும் இறுக்கிப் பிடித்தார்.

"சாப்பிடாமப் போகப்படாது. நீங்களும் எங்க மருமகன் ஆளுகதான."

அய்யம்மாள் கோழி அடித்தாள். தெருப் பெண்கள் மசாலா அரைத்தார்கள். பாதி வெந்து கிடந்த சோற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைத்தார்கள். பிறகு வாழை இலை போட்டு, தேவஇரக்கத்தையும் வேதமணியையும் முதலில் உட்கார வைத்தார்கள். சத்யப்பிரியா அவர் இலைக்கு முன்னால் குனிந்து சோறு வைத்தாள்.

"போதுமா பெரியப்பா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

அவரால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையைப் பார்த்தார். நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். அதில் கண்ணாடி வளையல்கள் உயிரோடு குலுங்கின.

எதிரில் உட்கார்ந்த பால்ச்சாமி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

"எவனோ ஒரு சண்டாளன், எம்பிள்ள செத்துப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கான் அண்ணாச்சி. நாக்குல நரம்பில்லாத பய. நீங்க நாலு எடம் போயி வாரவிய, அவன் யாருன்னு காதுல விழுந்தாச் சொல்லுங்க."

"சொன்னா என்ன செய்விய?" என்று கேட்டது வேதமணி.

பால்ச்சாமி பிசைவதை நிறுத்தினார். பரிமாறிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார்.

"செருப்பால அடிப்பேன்மா. நல்லா அடிச்சுட்டு, பொறவு இந்தா, இப்பிடி ஒக்கார வச்சு, கறி அள்ளி வச்சு, வயிறு நெறையச் சோறு போடுவேன்."

தேவஇரக்கத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அய்யம்மாள் ஒரு கரண்டி கறியை அள்ளி அவர் சோற்றின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

வேதமணி அவர் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

"சாப்பிடுங்க. ஒங்களுக்குத்தான் போட்டிருக்கு."